கரை போடும் நேரம்

பிள்ளைகளே, இந்த வாரம் பத்திரிகையில் உங்கள் அம்மாவின் வலது கையைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தக் கை காற்றில் நின்றுபோனதை நான் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். தறி ஓய்ந்திருந்தது. ஜன்னல் கம்பி வழியாக வெயில் வந்து, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின் பட்டு இழைகள் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. சுவரோரம் என் இரண்டு ஸ்பீக்கர்கள். அதில் நான் செய்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கோமதி தறியின் வலது ஓரத்துப் பலகையில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை தானாக நீண்டது. குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைப் பிடிப்பது போல விரல்கள் குவிந்தன. நீண்ட கை பாதியில் நின்றுவிட்டது. ஏறப் போகும்போது பஸ் நகர்ந்துவிட்டால், கம்பியைப் பிடிக்கப் போன கை ஒரு நொடி அப்படியே நிற்குமே, அது போல.

அவள் வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மடி என்று எழுதிவிட்டேன். அப்போது அவளுக்கு மடியே இல்லை, வயிறுதான் இருந்தது. கனி, நீ அதற்குள் இருந்தாய். பரணி, நீ கோபித்துக்கொள்ளாதே. உன் கதையும் வரும்.

அந்தக் கை ஏன் நீண்டது, ஏன் நின்றது என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

சத்தம் நிற்கக் கூடாது

என் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில், எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். ஊரில் அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "ரேடியோ வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் நான் பள்ளிக்கூடத்திலும் சின்ன ரேடியோ.

அப்பாவுக்கு ஒரே ஒரு பயம்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில் சத்தம் நின்றுபோவது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், பந்தியில் இருந்து யாராவது எச்சில் கையோடு ஓடி வருவார்கள்.

"யோவ் ரேடியோ, இன்னாச்சி? கரண்டு போச்சா? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

பாட்டு நின்றால் கல்யாணமே நின்ற மாதிரி. இந்தப் பயத்தில் வளர்ந்தவன் நான். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, குழாய் ஸ்பீக்கரை விற்று, பழைய லேப்டாப்பும் பாட்டுகளைக் கலக்கும் கன்ட்ரோலரும் வாங்கி ரிசப்ஷன்களுக்கு டி.ஜே. ஆனபோதும் அதே பயம்தான் கூட வந்தது. டி.ஜே. வேலை என்பது என்ன? ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன் மேல் ஏற்ற வேண்டும். இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழ வேண்டும். ஆடுகிறவன் காலுக்குச் சந்தேகமே வரக் கூடாது.

பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நானே சத்தங்களைச் சேர்த்துப் பாட்டு செய்யக் கற்றுக்கொண்டேன். குரல் இல்லாத பாட்டு, அடியும் சத்தமும் மட்டும். இப்போது நீங்கள் பள்ளியில் "அப்பா மியூசிக் புரொட்யூசர்" என்று சொல்கிறீர்கள். அப்போது அந்த வார்த்தையைச் சொன்னால், "எந்தப் படத்துக்கு?" என்று கேட்பார்கள். படம் எதுவும் இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வீட்டோடு மாப்பிள்ளை

கல்யாணம் ஆனதும் நான் நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் உங்கள் அம்மாவின் அப்பா ஏகாம்பரம் தாத்தா வீட்டுக்கே வந்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் உடலுக்கான நாடாவைத் தள்ளுவார். அது கரையோரம் வந்ததும், வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கரைக்கான நாடாவைப் போட்டு இரண்டு நிறத்து நூலையும் கோர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இழையை இழுத்து அடிக்கலாம். ஒவ்வொரு இழைக்கும் இப்படித்தான். கோர்க்காமல் அடித்தால் கரை தனியாக, உடல் தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

உங்கள் அம்மாவின் அம்மா இருந்தவரை அந்த வலது ஓரம் அவருடையது. அவர் போன பிறகு அது கோமதியுடையது. கோமதி வேறு வீட்டுக்குப் போனால் ஏகாம்பரம் தாத்தாவின் தறி நின்றுவிடும். அதனால் நான் வந்தேன். தறி அறையின் ஒரு மூலையில் என் மேஜை, என் லேப்டாப். அதுதான் என் ஸ்டுடியோ. பெரிய ஊர்களில் ஸ்டுடியோ சுவருக்குப் பஞ்சு ஒட்டுவார்கள். எனக்கு அந்தச் செலவே இல்லை. மூட்டை மூட்டையாகப் பட்டு நூலே இருந்தது.

உங்கள் தாத்தா என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் அந்த மரியாதையிலேயே ஊசி இருக்கும்.

"மாப்ள, காலையிலேர்ந்து டும் டும்னுக்கினு இருக்குதே, பாட்டு எப்ப வரும்?"

"இதான் மாமா பாட்டு."

"ஓ, வந்துடுச்சா? கவனிக்கல."

தாத்தா வேகமான கைக்காரர். தெருவிலேயே அவர் தறிச் சத்தம்தான் முந்திக்கொண்டு கேட்கும். சாப்பாடு ஆகட்டும், சாமி ஊர்வலம் ஆகட்டும், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். கோமதி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, "இன்னாமா, டூரா?" என்பார்.

தறிக்குக் கம்மல்

கோமதிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு நடந்தது. வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது வழக்கம். தாய்வீட்டிலேயே இருக்கிறவளை எங்கே அழைத்துப் போவது? தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அதே ஆட்டோவில் திருப்பிக்கொண்டு வந்தோம். வாசலில் தாத்தா நின்று, "வாமா, எப்ப வந்த? மாமியார் வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார். ஆட்டோக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மறுநாளே அவள் தறிக்கு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவள் கை நீட்டும்போதெல்லாம், தறிச் சத்தத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு சிலீர். நான் மேஜையில் உட்கார்ந்தபடி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு மைக்கை எடுத்து, தறியின் மேல் சட்டத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன்.

தாத்தா அண்ணாந்து பார்த்தார். "இன்னா மாப்ள, தறிக்கு கம்மல் போட்டுட்டீங்களா? இதுக்கும் வளைகாப்பா?"

அப்படிப் பதிவு செய்த தறிச் சத்தத்தை அடியாக வைத்து ஒரு பாட்டு செய்தேன். அடியில் ஆழமாக ஒரு ரீங்காரம், அதற்கு மேல் தறி, இடையிடையே வளையல். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அதை இன்டர்நெட்டில் போட்டேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

யானின் மெயில்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது கல்யாண ஆர்டர்கள் குறைந்துகொண்டு வந்தன. குழந்தை வரப் போகிறது. உங்கள் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அவர் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார்.

"மாப்ள, கம்பெனி பஸ்ஸு செவிலிமேட்டாண்ட வந்து ஏத்திக்கினு போவும். கேன்டீன் இருக்குது, பி.எஃப். இருக்குது. ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு. ஒனக்காகத்தான் எடத்த புடிச்சி வெச்சிருக்கேன்."

ஷிப்ட் வேலை. சனி, ஞாயிறு லீவு கிடையாது. போனால் கல்யாண டி.ஜே. வேலை முடிந்தது, பாட்டு செய்யவும் நேரம் இருக்காது. ஒன்றாம் தேதிக்குள் என் பாட்டுக்கு ஏதாவது ஒரு வழி பிறந்தால் போக மாட்டேன், இல்லாவிட்டால் போய்விடுவேன் என்று கோமதியிடம் சொல்லியிருந்தேன். அவள் காலண்டரைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டாள். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் பார்வை முதலில் அங்கேதான் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ஹாலந்து நாட்டிலிருந்து யான் என்பவர் மெயில் அனுப்பினார். சின்ன ரிக்கார்டு கம்பெனி வைத்திருக்கிறவர். நான் போனில் மொழிபெயர்த்து ஒன்றுக்கு நாலு தடவை படித்தேன். உன் தறிப் பாட்டைக் கேட்டோம், ரொம்பப் பிடித்திருக்கிறது, பழைய இசைத்தட்டு போலக் கறுப்பு ரிக்கார்டாகவே போட விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்.

கோமதி படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மறுபடியும் படிக்கச் சொன்னாள். "அப்ப பஸ்ஸு வரத் தேவையில்லல்ல?" என்றாள்.

மெயிலின் கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது. தறியின் அடி நொண்டுகிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விழுகிறது, அதுவும் ஒரே அளவாக இல்லை. இப்படி இருந்தால் மற்ற டி.ஜே.க்கள் இதைத் தங்கள் பாட்டோடு சேர்க்க முடியாது. நேராக்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நேராக்குவதும் பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டர் திரையில் சத்தம் மலையும் பள்ளமுமாகத் தெரியும். பின்னால் சம இடைவெளியில் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு மலையையும் நகர்த்திக் கோட்டின் மேல் நிறுத்த வேண்டும். கசங்கிய சட்டையை இஸ்திரி போடுகிற மாதிரி. வளையல் சத்தம் பாதி இடத்தில் வெட்டுப்பட்டது. பட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். மதியத்துக்குள் முடிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டேன். அப்போதுதான் உங்கள் அம்மாவின் கை நீண்டு, நின்றது.

யார் கரை போட்டது?

"இன்னாச்சி கோமதி?"

"ஒண்ணுமில்லங்க. பழக்கம். கை தானா போயிடுச்சி."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

"எங்க போடறது? அதுக்குள்ள அப்பா அடிச்சிட்டாரே." அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதுல யாருங்க கரை போடறது?"

தாத்தா மோர்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "கரையே இல்லமா. ஒங்க வூட்டுக்காரரு வெள்ளக்கார தொரைக்கு வேட்டி நெய்ஞ்சி அனுப்பறாரு."

மூன்று பேரும் சிரித்தோம். கோமதிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"கிண்டல் பண்ணாதப்பா." என் பக்கம் திரும்பினாள். "அவங்க கேட்ட மாதிரியே அனுப்பிடுங்க. நல்லாத்தான் இருக்குது. கம்பெனிக்குப் போனா நீங்க சிரிக்கக்கூட மாட்டீங்க."

அனுப்பலாம் என்றுதான் அன்று மாலை உட்கார்ந்தேன். அனுப்புவதற்கு முன்னால் பழைய பதிவை ஒருமுறை திறந்து பார்த்தேன், அந்த இடைவெளி எவ்வளவுதான் இருக்கிறது என்று. கல்யாணமான புதிதில் விளையாட்டாகப் போனில் பிடித்த தறிச் சத்தம் ஒன்றும் என்னிடம் இருந்தது. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன்.

பழையதில் இடைவெளி சின்னது, எல்லாம் ஒரே அளவு. நாடா போவதும் அடி விழுவதும் சட்டுச் சட்டென்று இருந்தது. வளைகாப்புக்குப் பிறகு எடுத்ததில் இடைவெளி அகலமாக இருந்தது. காலையில் கொஞ்சம். வெயில் ஏற ஏற இன்னும் கொஞ்சம். அதனால்தான் நொண்டியது.

கோமதி வயிற்றைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருந்தது. அதற்கு நேரம் எடுத்திருக்கிறது. அதுவரை யாரோ ஒருவர், ஒன்றும் சொல்லாமல், அடிக்காமல், காத்திருந்திருக்கிறார்.

தாத்தா கொல்லைப்புறக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, கோமதிக்காக நீங்க நிறுத்தி நிறுத்தி அடிக்கிறீங்களா?"

"நானா?" என்றார். "நான் யாருக்கு நின்னேன்? தறி பழசாயிடுச்சி மாப்ள. மிதி எறங்க மாட்டேங்குது. எண்ணெ உடணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுதிய பதில்

பிள்ளைகளே, நான் பெரிய ஞானி இல்லை. வெளிவரப் போகிற முதல் ரிக்கார்டை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் அன்று முழுக்க அனுப்பத்தான் பார்த்தேன். ஆனால் நேராக்கின பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தறி அறையில் ஒரே ஓர் ஆள்தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வலது ஓரத்துப் பலகை காலி. அந்தப் பாட்டு பிறந்ததே அந்தப் பலகையிலிருந்துதானே.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் யானுக்கு எழுதினேன். இந்தத் தறியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கர்ப்பிணி. இன்னொருவர் அவருக்காகக் காத்திருக்கிறார். நேராக்கினால் இரண்டு பேருமே போய்விடுகிறார்கள். தயவுசெய்து இதை இப்படியே போட முடியுமா?

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அன்பாகத்தான் எழுதியிருந்தார். உன் மனைவிக்கு எங்கள் வாழ்த்து, நீ சொல்வது புரிகிறது, ஆனால் எங்கள் டி.ஜே.க்களால் இதைப் பயன்படுத்த முடியாது. வேறு பாட்டு செய்தால் அனுப்பு. அவ்வளவுதான்.

கோமதியிடம் சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

"பைத்தியமாங்க ஒங்களுக்கு? ஒரு கைக்காகவா? இந்தக் கை இங்கதான இருக்குது, எங்க ஓடிப்போச்சி?" என்று வளையல் அத்தனையும் குலுங்க என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னைக் கேட்டீங்களா? நான்தான் அனுப்புங்கன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம்?"

அவள் உள்ளே போய்விட்டாள். சாப்பாடு மட்டும் போட்டாள். தட்டில் எனக்குப் பிடிக்கும் என்று ஒரு வாழைக்காய் வறுவல் கூடுதலாக இருந்தது.

ஒன்றாம் தேதி வந்தால் செவிலிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதே தறிப் பாட்டு, சென்னையில் ஒரே அறையை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்திய இரண்டு பையன்கள் மூலம், நொண்டலோடு ரிக்கார்டாக வந்த கதையை முன்பே ஒரு வாரம் எழுதிவிட்டேன். ஆனால் அது நடக்க இன்னும் ரொம்ப காலம் இருந்தது. அதுவரை உங்கள் அப்பா கம்பெனி ஷூ போட்டுக்கொண்டு ஷிப்டுக்குத்தான் போனார். அதில் ஒரு நாளும் எனக்கு வருத்தம் இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

ஞாயிற்றுக்கிழமை

வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு. கோமதி பக்கத்து வீட்டு அக்காவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாமல் தறி ஓடாது. தாத்தா சும்மாவே தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மேஜையில் ஒயர்களைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"போடுங்க, அந்த நொண்டிப் பாட்ட."

அவர் வாயால் என் பாட்டு எதையும் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுற்றிய ஒயரைப் பிரித்து மாட்டி, நேராக்காத பாட்டைப் போட்டேன்.

அவர் கண்ணை மூடவில்லை. தலையாட்டவும் இல்லை. பாவு இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழிக்குள் அவர் கால் மட்டும் மிதிமேல் மெதுவாக இறங்கியது, ஏறியது. வளையல் சத்தம் வரும்போதெல்லாம் கால் அப்படியே நின்றது. சத்தம் முடிந்ததும்தான் மறுபடி இறங்கியது. ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

பாட்டு முடிந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், கோமதி வந்துவிட்டாளா என்று.

"நின்னேன்தான்" என்றார்.

நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"மூச்சு வாங்கிக்கினே ஒக்காந்திருந்தா. மெதுவா போடுமான்னு சொன்னா ரோஷம் வந்துடும், இன்னும் வேகமா போடுவா. அவ அம்மா மாதிரியே. அதான் நானே கால கொஞ்சம் தாமசமா வெச்சேன். அவளுக்குத் தெரியாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் சொல்லாதீங்க மாப்ள. சொன்னா, தெனம் நில்லுன்னுவா."

யானிடம் நான் காரணத்தோடு எழுதியிருந்தேன். கோமதியிடம் காரணத்தைச் சொல்லாமலே விட்டிருந்தேன். தாத்தா கேட்டுக்கொண்டதால் பிறகும் சொல்லவில்லை. ரிக்கார்டு வந்த அன்றும் சொல்லவில்லை. அம்மா இன்றைக்கும் தன் கைக்காகத்தான் நான் அடம் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கனி, பரணி, இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் எடுப்பது தாத்தாதான். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் எங்கேயாவது மடித்து ஒளித்து வைப்பார். தேடி எடுத்து அம்மா கையில் கொடுங்கள்.